பேர் வரும் சரணம்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அண்ணி, நான், ஸ்டூடியோ முதலாளி, ஆர்மோனியக்காரர், டோலக் வாசிக்கப் பழைய நகரத்திலிருந்து வந்த சாயபு. வராதவர்களில் முதல் ஆள் என் அண்ணன். செகந்திராபாத் மெட்டுகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி பாட வந்த பாட்டுகளைக் கட்டிய மூன்று பேரும் இல்லை. அவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மலைநாட்டில் இருந்தார்கள். இருந்தார்களா என்பதே எங்களுக்குத் தெரியாது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து அண்ணிக்குக் கடிதம் வருவது நின்று போயிருந்தது.

அண்ணி பிறந்தது அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு, உங்களுக்கு இவ்வளவு பேர், எங்களுக்கு இவ்வளவு பேர் என்று பங்கு பிரித்தபோது, இந்தியாவின் பங்கில் வந்த குடும்பம். அதற்குமுன் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. மண்டபம் முகாமில் சில மாதங்கள் இருந்துவிட்டு, ஆந்திராவில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த மில்லில் இருந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர் சொல்லித்தான் அண்ணனுக்குப் பெண் கேட்டுப் போனோம். அண்ணன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்கள் அப்பா தண்டவாளத்தில் கேங்மேனாக இருந்து செத்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். டிப்ளமோ வாங்கி, ஏ.எஸ்.ராவ் நகர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அதனால் வீட்டில் எழுதுகிற காரியம், பேசுகிற காரியம், பெரிய மனிதர்களைப் பார்க்கிற காரியம் எல்லாம் என் தலையில்தான் விழும். விழுவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அண்ணி நன்றாகப் பாடுவார். செகந்திராபாத்தில் தமிழர் வீட்டுக் கல்யாணங்களுக்கும் முருகன் கோவில் விசேஷங்களுக்கும் பாடப் போகிற ஒரு இசைக்குழுவில் அவருக்கு நிரந்தர இடம் இருந்தது. எல்லாம் சினிமாப் பாட்டு. மெட்ராஸில் யாரோ பாடியதை இங்கே அண்ணி திரும்பப் பாடுவார், ஜனங்கள் கைதட்டுவார்கள், தேங்காய்ப் பையோடு வீட்டுக்கு வருவார்.

ஒருநாள் அப்படி வந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எப்பப் பாரு அடுத்தவங்க பாட்டத்தான் பாடுறேன். அதையே எங்க ஊரு ஆளுங்க பாட்டா பாடுனா என்னாங்க? ஒரு கேசட்டு. ஒண்ணே ஒண்ணு."

அவருடைய ஊர்ப் பாட்டுகள் எனக்கு அதற்கு முன்பே தெரியும். துணி துவைக்கும்போதும் குழந்தையைத் தூங்கவைக்கும்போதும் பாடுவார். அவற்றைக் கட்டியவர்கள் மூன்று பேர். ஒருவர் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் வேலை செய்தவர். லீவு நாளில் ரயிலில் ஏறிப் பாடி, தன் பாட்டை அச்சடித்த தாளைச் சில்லறைக்கு விற்பார். இன்னொருவர் பஜாரில் தையல்காரர். மூன்றாவது ஆள் கொழுந்து பறிக்கிற பெண். அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. வாயாலேயே கட்டி, பக்கத்து நிரையில் பறிப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

இந்த மூன்று பேரின் பாட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. கடைசி சரணத்தில் பாட்டைக் கட்டியவரின் பேரும் தோட்டத்தின் பேரும் வந்துவிடும். தாளில் அச்சடித்தால் தாள் கிழிந்துபோகும், பேரை வேறு ஆள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் யார் பாடினாலும் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அந்தச் சரணத்த விட்டுட்டுப் பாடுனா எங்க ஊர்ல கல்லெடுத்து அடிப்பாங்க தம்பி," என்பார் அண்ணி. "எங்க மாமா ஒருத்தரு விட்டுட்டாரு. கல்யாண வீட்ல சோறு போடல."

எட்டுப் பாட்டுகளை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்தேன். அந்தச் சமயத்தில்தான் அவர் கழுத்தில் கட்டி தெரிய ஆரம்பித்தது.

முதலில் நெல்லிக்காய் அளவு. அண்ணி முந்தானையால் மறைத்துக்கொண்டார். பிறகு மறைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்து, ஊசி குத்தி எடுத்துச் சோதித்து, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார். நானும் கூட இருந்தேன். குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் போகிறது, ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், ஆனால் குரல் அப்படியே இருக்கும் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதைத் தமிழில் அண்ணியிடம் சொன்னேன். இன்றுவரை என் வாயால் சொன்னவற்றில் அதைவிடக் கஷ்டமானது எதுவும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது அண்ணி, "கேசட்ட போட்டுட்டு அப்பறம் வர்றோம்னு சொல்லிருங்க தம்பி," என்றார்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அண்ணி போகவில்லை. கேசட்டுக்குப் பணம் சேரவில்லை, வாசிக்க ஆள் கிடைக்கவில்லை, மூன்று மாதம் போனது. இன்னொரு தேதி கொடுத்தார்கள். அதற்கும் போகவில்லை. மறுபடி மூன்று மாதம். குரல் காலையில் சரியாக இருக்கும், மதியத்துக்குமேல் கம்மிவிடும். இசைக்குழுவில் அவரை மெல்ல நிறுத்திவிட்டார்கள்.

அண்ணன் பொறுமைசாலி. அன்று அவர் பொறுமை போய்விட்டது. நான் அறைக்குள் இருந்தேன், அவர்கள் சமையற்கட்டில். கோபம் வந்தால் அண்ணன் பேச்சில் இந்த ஊர் உருது கலந்துவிடும்: கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம்.

"கைக்கு இந்தப் பிடிவாதம் உனுக்கு? ரெண்டு தபா தேதி குட்த்தாங்க. ரெண்டு தபாவும் நக்கோன்ட்ட. மூணாந்தபா டாக்டரே வூட்டுக்கு வந்து கழுத்தப் புட்ச்சி இஸ்துகினு போவாரா?"

"பாட்ட போட்டுட்டு வந்துர்றேங்க. அதுக்குப் பொறவு கழுத்தயே வெட்டி எடுத்துக்கட்டும்."

"கழுத்த எட்த்துட்டா தாலிய எங்கடி கட்டுறது? தோளுலயா?"

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணி சொன்னது எனக்குக் கேட்டது: "அவங்கெல்லாம் இருக்காங்களோ செத்தாங்களோ தெரியல. லயத்தெல்லாம் கொளுத்திட்டாங்கன்னு பேப்பர்ல போட்டான். பாட்டுத் தாளு ஒண்ணுகூட நான் எடுத்துக்கிட்டு வரல. இப்ப அதெல்லாம் என் தொண்டையிலதான் இருக்கு. தொண்டைய அறுத்துப்புட்டா எங்கிட்டு போயி தேடுறது?"

அண்ணன் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். "டேய், ஸ்டூடியோ எங்க கீதுன்னு பாரு. பணத்த நான் பாத்துக்கிறேன். ஆனா நான் வரமாட்டேன். அவ கழுத்தப் பாத்துகினு அவ பாட்ட என்னால கேக்க முடியாது."

மோண்டா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஃபோட்டோ ஃபிரேம் கடைக்கு மாடியில் இருந்தது ஸ்டூடியோ. சுவரெல்லாம் முட்டை அட்டையும் கோணிச்சாக்கும் ஒட்டியிருந்தது. முதலாளி மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிற தமிழர். விளம்பரங்கள், பக்திப் பாட்டு, அரசியல் கூட்டத்துக்கான அறிவிப்பு எல்லாம் பதிவு செய்பவர். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாட வேண்டும், ஓர் இடத்தில் தப்பினால் பாட்டை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுதான் அங்கே முறை.

நாள் குறிக்கும் வேலை வந்தது. டாக்டர் மூன்றாவது தேதி கொடுத்திருந்தார், ஆடி பிறந்து சில நாளில். இதற்கும் வராவிட்டால் நான் பொறுப்பில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஆடியில் நல்ல காரியம் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்பது அண்ணிக்கு உறுதி. ஆபரேஷன் நல்ல காரியம் இல்லை, அது ஆடியில் நடக்கட்டும்; பாட்டு ஆனியிலேயே ஆகிவிட வேண்டும். சுவரில் தொங்கிய மெட்ராஸ் காலண்டரைப் பார்த்து, ஆனி முடிவதற்குள் ஒரு ஞாயிறு என்று மூன்று பேருமாகச் சேர்ந்து முடிவு செய்தோம். அந்த ஞாயிறு வேண்டும் என்று கேட்டதும் முதலாளி பாதி வாடகைக்கு ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

தெலுங்குக்காரர்களுக்கு அமாவாசை கழிந்த மறுநாளே ஆஷாட மாதம் பிறந்துவிடும். நமக்கு அதற்குப் பிறகும் பல நாள் ஆனிதான். ஆஷாடத்து ஞாயிறுகளில்தான் இந்த ஊரில் அம்மனுக்குப் போனாலு என்கிற படையல். பெண்கள் மஞ்சள் பூசிய பானையில் சோறு வைத்து, மேலே விளக்கேற்றித் தலையில் சுமந்து போவார்கள். முன்னால் டப்பு மேளம் அடித்துக்கொண்டு ஆண்கள் ஆடிப் போவார்கள். வருஷாவருஷம் பார்க்கிற திருவிழா. ஆனால் எங்களுக்கு அது மனதில் ஆடித் திருவிழாவாகவே பதிந்திருந்தது. ஆடிதான் இன்னும் பிறக்கவில்லையே.

புதன்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, மார்க்கெட் முனையில் வேப்பிலைத் தோரணம் கட்டுவதைப் பார்த்தேன். இறங்கி ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

"ஹவ், ஆமா, இந்த ஞாயித்துக்கெளமதான் நம்ம லஷ்கர் போனாலு," என்றார் முதலாளி, செகந்திராபாத்தின் பழைய பேரைச் சொல்லி. "அதுக்குத்தானே பாதி ரேட்டு சொன்னேன். தெரிஞ்சு கேக்குறீங்கன்னு நெனச்சேன். நீங்க எந்த ஊரு ஆளு, லஷ்கர்ல இருந்துகினு போனாலு தெரியாம?"

வேறு நாள் கேட்டேன். அடுத்த வாரம் முழுவதும் யாரோ பக்திப் பாட்டுக்குப் பிடித்துவிட்டார்கள். வேறு ஸ்டூடியோ தேட நாள் இல்லை. விட்டால் ஆபரேஷன் வந்துவிடும். காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், பத்து மணிக்குத்தான் கூட்டம் வரும், அதற்குள் பாதியை முடித்துவிடலாம் என்றார்.

நாங்கள் ஏழுக்கு முன்பே போய்விட்டோம். சாயபுவும் வந்துவிட்டார். ஆர்மோனியக்காரர் வரவில்லை. அவர் உப்பலிலிருந்து வர வேண்டும். திருவிழாவுக்காகப் பஸ்ஸை எல்லாம் மாற்றி விட்டிருந்தார்கள். அண்ணி கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. குரலை மிச்சப்படுத்துகிறார் என்று எனக்குத் தெரியும். ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஊற்றிக் குடித்தார். எட்டு, எட்டரை, ஒன்பது. அந்த இரண்டு மணி நேரமும் தெரு அமைதியாக இருந்தது. ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. நான் மாடிப்படியில் இறங்கி இறங்கி ஏறினேன்.

ஆர்மோனியக்காரர் ஆர்மோனியத்தைத் தலையில் வைத்து நடந்தே வந்து சேர்ந்தபோது ஒன்பதரை. அவர் உட்கார்ந்து முகம் துடைத்து, சுருதி சேர்த்து, முதலாளி மின்விசிறியை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போட்டபோது, தெருக்கோடியில் முதல் டப்புச் சத்தம் கேட்டது.

கோணிச்சாக்கு அந்தச் சத்தத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. தரை அதிர்ந்தது. முதலாளி காதில் ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டு தலையாட்டினார்: நக்கோ. நின்றோம். அந்தக் கூட்டம் கோவிலைப் பார்த்துப் போனது. மறுபடி சிவப்பு விளக்கு. அண்ணி இரண்டு அடி பாடினார். அடுத்த கூட்டம் வந்தது. நிறுத்தினோம். மறுபடி. மூன்றாவது அடியில் நிறுத்தினோம்.

சாயபு டோலக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு உருதுவில் சொன்னார்: அந்த டப்புக்கு முன்னால் என் டோலக் கொசு அம்மா, காதில் வந்து பாடினால்தான் கேட்கும். அண்ணி வாய்க்குள் சிரித்தார். சிரித்ததே குரலுக்குச் செலவு என்பதுபோல உடனே கையால் வாயை மூடிக்கொண்டார்.

பதினொன்றரை வரை ஒரு பாட்டும் முழுதாக ஆகவில்லை. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவில் இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் கிடைக்கும். பாட்டுகளோ ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். அண்ணியின் குரலில் மதியத்துக் கம்மல் ஏற ஆரம்பித்துவிட்டது.

முதலாளி வெளியே வந்தார். அவருக்கும் கஷ்டமாக இருந்தது. "ஒண்ணு பண்ணுங்கம்மா. எல்லாப் பாட்டுலயும் கடைசி சரணத்த வெட்டிருங்க. ரெண்டு சரணம் போதும். மூணு நிமிசத்துல ஒரு பாட்டு முடியும். கேக்குறவனுக்கு என்னா தெரியப்போவுது?"

"அதுலதாங்க அவங்க பேரு இருக்கு."

"பேர கேசட்டு அட்டையில போட்டுக்கலாம்மா. தம்பிதான் படிச்சவராச்சே, அழகா எழுதிக் குடுப்பாரு."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அட்டையில் போடலாம் என்று எனக்கும் அந்த நிமிஷம் தோன்றியது. எட்டுப் பாட்டும் கிடைத்துவிடுமே.

கீழே மறுபடி டப்பு. எல்லோரும் பேசாமல் அது கடந்து போகக் காத்திருந்தோம். அது ஓய்ந்ததும் அண்ணி எழுந்து மைக்கின் முன் நின்றார்.

"கடைசி சரணத்த முதல்ல போட்ருவோம்," என்றார்.

"என்னாம்மா?"

"எட்டுக்கும் கடைசி சரணம் மட்டும். ஒவ்வொண்ணும் ஒரு நிமிசம். அத போட்டுட்டா பேரு சேந்துரும். அப்பறம் தொண்ட இருக்கிற வரைக்கும் முழுப் பாட்டா பாடுறேன்."

"தல இல்லாம வால மட்டும் யாரும்மா கேப்பாங்க?"

"அவங்க கேப்பாங்க."

அவர் யாரைச் சொன்னார் என்று முதலாளி கேட்கவில்லை. உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

அப்படித்தான் பதிவு நடந்தது. சந்தில் டப்பு ஓய்ந்த ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு பாட்டின் கடைசி சரணம். ரயிலில் தாள் விற்றவரின் பேர் மூன்று முறை, தையல்காரரின் பேர் மூன்று முறை, கொழுந்து பறித்த அம்மாவின் பேர் இரண்டு முறை. ஒவ்வொரு பேரும் வரும் இடத்தில் அண்ணி கண்ணை மூடிக்கொள்வார். தையல்காரரின் ஒரு பாட்டில் கப்பலேறுகிற தங்கையைப் பார்த்து அண்ணன் கேட்கிறான்:

கப்பலேறும் தங்கச்சியே, கையில என்ன சீட்டு?
எம்பேர அதில் தேடுறேன், எங்கே வச்சான் பூட்டு?

இதற்கு அடுத்த அடியில் தையல்காரரின் பேர் வரும். அந்த அடியில் ஆர்மோனியக்காரர் ஒரு இடம் தடுமாறினார். அண்ணி பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இன்னொரு இடைவெளி வேண்டும். இப்போதும் கேசட்டில் அந்தத் தடுமாற்றம் இருக்கிறது.

எட்டும் முடிந்தபோது மணி இரண்டு. சாயபு தன் தண்ணீர்ச் செம்பை நீட்டி, "பானி பீலே பேட்டி," தண்ணீர் குடி மகளே, என்றார். அண்ணி வாங்கிக் குடித்தார். பிறகு முழுப் பாட்டுகளை ஆரம்பித்தோம். கோவிலுக்குப் போக வேண்டிய கூட்டம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. முதல் பாட்டு முழுதாக வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது பாட்டில் குரல் ஓரமெல்லாம் பிசிறடித்தது, ஆனால் கடைசிவரை நின்றது.

நான்காவது, கொழுந்து பறித்த அம்மாவின் தாலாட்டு. அதில் ஒரு இடத்தில் மேலே போய் அங்கேயே நிற்க வேண்டும். அண்ணி அந்த இடத்துக்குப் போனார். குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. முதலாளி நிறுத்தி, மறுபடி போட்டார். அதே இடத்தில் அதே காற்று. மூன்றாவது தடவை அந்த இடத்துக்கு முன்பே உடைந்துவிட்டது. அண்ணி கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், உள்ளே இருக்கிற எதையோ பிழிந்து எடுத்துவிடலாம் என்பதுபோல. நான் ஓடிப்போய்க் கையைப் பிரித்தேன்.

"இன்னொரு நாள் வெச்சிக்கலாம்மா," என்றார் முதலாளி. "காசு நக்கோ. சும்மாவே போட்டுத் தர்றேன்."

அண்ணி ஏதோ சொன்னார். எனக்கு மட்டும்தான் கேட்டது. "இன்னொரு நாளு எங்கங்க இருக்கு."

சிவப்பு விளக்கு அணைந்தது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. சாயபு தன் கூலியில் பாதியைத் திருப்பித் தரப் பார்த்தார். நான் வாங்கவில்லை. அவரை மாடிப்படியில் இறக்கிவிடும்போது கூட்டம் மறுபடியும் பெருகியிருந்தது. அண்ணியை என் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த ஆட்டத்துக்கு நடுவே வழி கேட்டு வழி கேட்டு வீடு வந்து சேர்ந்தோம். அண்ணன் கதவைத் திறந்தார். எத்தனை பாட்டு ஆச்சு என்று கேட்டார். மூன்று என்றேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆபரேஷன் குறித்த தேதியில் நடந்தது. வெளியே வந்த டாக்டர் அண்ணனிடம் இந்தியில் பேசினார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார். கட்டி ஒரு பக்கத்து நரம்போடு ஒட்டிப் போயிருந்தது, பிரிக்க முடியவில்லை, நரம்பையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்றார். பிறகு, "ஆறு மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தா பிரிச்சிருக்கலாம்," என்றார்.

அண்ணன் தலையாட்டினார். நன்றி சொன்னார். அவர் அந்த ஆறு மாதத்தைப் பற்றி அன்றும் அதற்குப் பிறகும் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. டாக்டர் சொன்னதை நான் அண்ணிக்குத் தமிழில் சொல்லவும் இல்லை. அண்ணிக்கு இந்தி தெரியும். கட்டிலில் படுத்திருந்தபோது யாராவது அதைச் சொல்வது காதில் விழுந்திருக்குமோ என்னவோ. அவரும் எங்களிடம் விசாரிக்கவில்லை.

குரல் திரும்பவில்லை. ரகசியம் பேசுவதுபோல ஒரு காற்றுக் குரல்தான் மிச்சம். வீட்டுக்குள் அது போதும். குழந்தையைக் கூப்பிடக் கைதட்ட வேண்டும். அதற்கு ஐந்து வயதானபோது ஒருநாள், "எந்துகம்மா குசகுசலாடுதாவு?" என்று தெலுங்கில் கேட்டது. ஏன் அம்மா எப்போதும் ரகசியமாகவே பேசுகிறாய் என்று. அண்ணி அதன் காதருகே போய் ஏதோ சொன்னார். அது சிரித்துக்கொண்டு ஓடியது.

பாடாமல் விட்ட ஐந்து பாட்டுகளின் வார்த்தைகள் என் கையெழுத்தில் இருந்தன. பேர் வரும் சரணத்துக்கு மெட்டே வேறு, அது மட்டும்தான் டேப்பில் இருந்தது; மற்ற அடிகளின் மெட்டு அண்ணியிடம் மட்டும் இருந்தது. எனக்குப் பாட்டு வராது. அவர் துணி துவைக்கும்போது கேட்டிருக்கிறேன், ஆனால் திருப்பிச் சொல்லத் தெரியாது. காற்றில் மெட்டுச் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. தாளம் போடலாம். மேலே, கீழே என்று கையைக் காட்டலாம். நான் ஆர்மோனியக்காரரை உப்பலிலிருந்து வரவழைத்தேன். ஞாயிறுதோறும் வந்தார். அவர் ஒரு கட்டையை அழுத்துவார், அண்ணி இல்லை என்று தலையாட்டுவார், அடுத்த கட்டை, இல்லை, அடுத்தது. பொறுமையான மனிதர்தான். பல வாரம் வந்தார். ஒரு பாட்டு ஏறக்குறைய வந்தது. தாலாட்டு. அவர் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினார்.

அண்ணி விரலால் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார்.

"இதுதானாங்க?" என்றார் ஆர்மோனியக்காரர்.

"இருக்கலாம்," என்றார் அண்ணி. "இப்ப எனக்கே தெரியல. நீங்க வாசிச்சு வாசிச்சு அதுதான் காதுல இருக்கு. பழசு போயிருச்சு."

அதற்குப் பிறகு அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்ற நான்கையாவது கெடுக்காமல் வைத்துக்கொள்கிறேன் என்றார். அந்த நான்கும் இப்போது அவருக்குள் எப்படி இருக்கின்றன என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

மெட்ராஸில் ஒரு கேசட் கம்பெனிக்குப் பிரதி அனுப்பினேன். மூன்று பாட்டுதான் முழுதாக இருக்கிறது, மற்றது துண்டு துண்டாக இருக்கிறது, பின்னால் மேளச் சத்தம் வேறு கேட்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோட்டி கடைத்தெருவில் கேசட் பிரதி போடுகிற கடையில் நாங்களே போட்டோம். ஒரு பக்கம் மூன்று முழுப் பாட்டு. மறுபக்கம் எட்டுச் சரணம். அட்டையை நான் எழுதினேன். முருகன் கோவில் வாசலில் அண்ணன் ஒரு சாக்குப் பையை விரித்து உட்கார்ந்து விற்றார். அவர் அப்படி உட்காருவார் என்று நான் நினைத்ததில்லை. சினிமாப் பாட்டா என்று கேட்டார்கள். எங்க வூட்டம்மா பாட்டு, அவங்க ஊரு ஆளுங்க கட்டுனது என்றார் அண்ணன். சில பேர் வாங்கினார்கள். வாங்கிப் போன ஒருவர் அடுத்த வாரம் வந்து, ரெண்டாவது பக்கம் ரிப்பேர், பாட்டு நடுவுலேர்ந்து ஆரம்பிக்குது, மாத்திக் குடு என்று சண்டை போட்டார். அண்ணன் காசைத் திருப்பிக் கொடுத்தார்.

மலைநாட்டுக்கு மூன்று பார்சல் அனுப்பினோம், மூன்று பேருக்கும் ஒன்று ஒன்றாக, அண்ணிக்கு நினைவிருந்த தோட்டத்து விலாசத்துக்கு. ரயிலில் பாடியவருக்கு அனுப்பியது ஆள் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. தையல்காரருக்கு அனுப்பியதும் அந்த அம்மாவுக்கு அனுப்பியதும் திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. திரும்பி வராததை வைத்துக்கொண்டு அண்ணி ஒரு வருஷம் காத்திருந்தார். தபால்காரர் எங்கள் வரிசைக்குள் சைக்கிளைத் திருப்பும்போது கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணி இட்லி வைத்துக்கொண்டே, அண்ணனைப் பார்க்காமல், அந்தக் காற்றுக் குரலில் கேட்டார்: "எல்லாஞ்சேத்து எவ்வளவுங்க ஆச்சு?"

"எதுக்கு இப்ப?"

"சும்மா. தெரிஞ்சுக்கலாம்னு."

"தெரிஞ்சி இன்னா பண்ணப்போற?"

"சொல்லுங்களேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். எனக்கும் அதுவரை தெரியாது. பணத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, ஸ்டூடியோ, வாசித்தவர்கள், டேப்பு, பிரதி, அட்டை, பார்சல், ஆர்மோனியக்காரருக்கு வாராவாரம் கொடுத்தது எல்லாவற்றையும் கூட்டி, விற்று வந்ததைக் கழித்து, ஏற்கெனவே பலமுறை போட்ட கணக்கைப்போலத் தடங்கலில்லாமல் சொன்னார். மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.